சரணத்தில் பிடித்த பிரேக்

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஒரு டவுன் பஸ் சடாரென்று திரும்ப, எங்கள் டிரைவர் பிரேக்கை அழுத்திய அழுத்தில் ஆட்டோ கிரீச்சிட்டு நின்றது. பின்னாலேயே வந்தது அந்த வாசனை. இரும்பு கருகுகிற வாசனை. பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மடியிலிருந்த கைப்பையின் மேல் விரல்களை ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். த தீ தொம் நம், த தீ தொம் நம்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்னங்க மேடம், பயந்துட்டீங்களா? கை இந்த ஆட்டம் ஆடுது?"

"இல்லங்க, ஸ்ரீரங்கம் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

ஸ்ரீரங்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. அதன்பிறகு அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். நான் இறங்கும்போது மட்டும், "பாத்துப் போங்க" என்று ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்.

உங்களிடமாவது விளக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் மிருதங்கம் வாசிக்கிறவள். மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள், இன்னாரிடம் பயின்றார் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் லால்குடி பாசஞ்சரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஒருமுறை கூச்சத்தை விட்டு, அறிமுகம் செய்ய வந்த ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பல வருஷங்களுக்கு முன்னால் எனக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மொத்த ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. வீடு லால்குடியில். போக ரயில், வர ரயில். வீட்டில் அண்ணனின் கைக்குழந்தை. மிருதங்கத்தில் என் விரல் பட்டால் போதும், வீறிட்டு எழுந்துவிடும். அண்ணி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து நிற்பாள், அவ்வளவுதான். அப்படி ஒருத்தி நின்றால் எந்தத் தாளம் நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை குரு வீட்டில் மட்டும்தான் மிருதங்கம் கைக்குக் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் என் வாத்தியம் சாப்பாட்டு டப்பா.

சிரிக்காதீர்கள். எவர்சில்வர் டப்பாவைப் போல விசுவாசமான வாத்தியம் கிடையாது. காலையில் தயிர்சாதம் நிறைந்திருக்கும். தட்டினால் 'தொம்' கனமாக விழும். சாயங்காலம் காலி டப்பா. 'நம்' கணீரென்று பேசும். எலுமிச்சை சாதமென்றால் இரண்டும் கெட்டான். டப்பாவைத் திறக்காமலே, நான் தட்டுவதைக் கேட்டு, இன்றைக்கு என்ன சாதம் என்று சுமதி சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊறுகாய் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சுமதி யாரென்று சொல்லவில்லையே. லால்குடிக்கு அடுத்த வாளாடியில் ஏறுவாள். திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. என் வயதுதான். நாங்கள் பழகிய விதமே வேடிக்கை. ஒருநாள் நெரிசலில் நான் எப்படியோ ஜன்னலோரம் இடம் பிடித்து, டப்பாவில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் முனகலாக ஏதோ பாடிக்கொண்டே, தாளம் போட இடமில்லாமல், என் இடது தோளில் போட ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் குனிந்து பார்க்கவில்லை. திருச்சி டவுன் ஸ்டேஷன் வரை அப்படியே போனோம். பெயர் கேட்டுக்கொண்டது மறுநாள். அதன்பிறகு அந்தத் தோள் அவளுக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் ஒரு சங்கடம். நான் டப்பாவைத் தட்டினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாடுகிறவள் வாய் திறந்து பாடினால்? கம்பார்ட்மெண்டே திரும்பிப் பார்க்கும். சுமதிக்கு அந்தக் கூச்சம் அதிகம். அவளுக்கு வழி காட்டியது கொள்ளிடம் பாலம். ரயில் பாலத்தில் ஏறியதும் ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், தடதடவென்று இரும்பெல்லாம் சேர்ந்து அலறும். பக்கத்து ஆள் காதில் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் நுழைந்துகொண்டு சுமதி முழுத் தொண்டையில் பாடுவாள்! வாய் அசைவதும் கழுத்து நரம்பு புடைப்பதும்தான் வெளியே தெரியும். குரல் எனக்கு மட்டும், அதுவும் அவள் என் காதருகே குனிந்திருப்பதால், கேட்கும். ஐயோ, என்ன குரல்! எனக்குச் சிலிர்த்துப்போகும். டப்பாவை உடைக்கிற மாதிரி தட்டுவேன். தினமும் காலையில் எங்களுக்கு அந்தப் பாலம்தான் மேடை.

ஒரு மோகன ராகக் கீர்த்தனையைத்தான் அங்கே பாடுவாள். பாலம் தொடங்கும்போது பல்லவி. நடு ஆற்றில் அனுபல்லவி. பாலம் முடிகிற இடத்தில் சரணம். சரணம் வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் எங்களையறியாமல் ஒரு நிதானம் வந்துவிடும். பாட்டு குழையும், கை தாழும், கண் கலங்கும். "சரணத்துல எப்படி உருகுதுடி!" என்பாள் சுமதி. "தானா வருது பாரு" என்பேன் நான். இப்படி ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு, உலகத்தில் யாருக்கும் வாய்க்காத பக்குவம் நமக்கு வாய்த்துவிட்டது என்ற எண்ணத்தோடு ஸ்ரீரங்கத்தைக் கடப்போம்.

எங்களுக்கு எதிரே எப்போதும் ஒரு சீட்டாட்டக் கோஷ்டி. மடியில் துண்டை விரித்து ஆடுவார்கள். அதில் தலைவர் மாதிரி பாலு அண்ணன். ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. என் டப்பா வேகமெடுத்தால் அவர்கள் சீட்டுப் போடுவதும் வேகமெடுக்கும். "ஏம்மா, கொஞ்சம் மெதுவாத் தட்டும்மா. யோசிக்கவே விடமாட்டேங்கிற, நேத்து ஜோக்கரைத் தூக்கி எறிஞ்சுட்டேன்" என்று ஒருமுறை பரிதாபமாகக் கேட்டுக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கோயிலின் நவராத்திரி மேடை. அதை நடத்துகிற ரங்கமணி மாமி, யாரோ சொல்லி, சுமதியைக் கூப்பிட்டிருந்தார். முழுக் கச்சேரி! அதுவரை சுமதி விழாக்களில் கடவுள் வாழ்த்துப் பாடிவிட்டு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறவள். ஒரு தடவையாவது முடிகிற வரை மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவள் கனவு. நன்றாக அமைந்தால் நாலு இடத்தில் கூப்பிடுவார்கள். அமையாவிட்டால் மறுபடி கடவுள் வாழ்த்துதான். மாமி நல்ல அனுபவமுள்ள மிருதங்கக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். இவள் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "மிருதங்கத்துக்கு ஆள் இருக்கு மாமி. தினம் என்கூடத்தான் வாசிக்கிறா."

அவள் கையைப் பற்றிக்கொண்டேன். "ஏன்டி, நான் டப்பாதானே வாசிக்கிறேன்?"

"அது மாமிக்கு எதுக்கு?" என்றாள்.

ஒத்திகை, வயலின் வாசிக்க ஒப்புக்கொண்ட முரளி வீட்டில். ஸ்ரீரங்கத்துக்காரர், வங்கியில் வேலை, கோபமே வராத மனிதர். ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் எல்லாவற்றையும் பதிவு செய்வார். மோகனம் பாடினோம். பல்லவி ஜோர். அனுபல்லவி அதைவிட ஜோர். சரணத்தில் வழக்கம்போல உருகினோம். கண் திறந்தால், முரளி வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "சரணம் வந்தா ரெண்டு பேரும் எங்க போயிடறீங்க?"

"அது வந்து, அந்த எடத்துல ஒரு உருக்கம்..." என்று இழுத்தாள் சுமதி.

"உருக்கமா?" அவர் டேப்பைத் திருப்பிப் போட்டு, தன் தொடையில் தாளம் தட்டிக் காட்டினார். கேட்கக் கேட்க என் காது சூடாகியது. சரணம் தொடங்கிய இடத்திலிருந்து வேகம் குறைகிறது, குறைகிறது, கடைசியில் ஏறக்குறைய நின்றே போகிறது. எடுத்த வேகத்தைக் கடைசிவரை காப்பாற்றுவதைக் காலப்பிரமாணம் என்பார்கள். பாட்டுக்காரருக்கு அது ஒருவேளை நழுவினால் பிடித்து நிறுத்த வேண்டியவள் மிருதங்கக்காரி. நானே சேர்ந்து நழுவியிருக்கிறேன். தனித்தனியாக இழுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இருவரும் ஒரே மாதிரி, ஒரே அளவில் இழுத்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. நடுவில் அந்தரத்தில் நின்றவர் முரளி.

மூன்று தடவை பாடினோம். மூன்று தடவையும் அதே இடம். "நவராத்திரி நெருங்கிடுத்து" என்று மட்டும் சொன்னார் முரளி. வெளியே வந்ததும் சுமதி அழுதாள். "கடவுள் வாழ்த்தே எனக்குப் போதும்னு மாமிகிட்ட சொல்லிடறேன்டி" என்றாள். என்னை நம்பித்தானே அனுபவசாலியை வேண்டாமென்றாள்.

மறுநாள் காலை ரயில். டப்பா பையிலேயே இருந்தது. பாலம் வந்தது, முடிந்தது. ரயில் ஸ்ரீரங்கத்துக்காக வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் வழியாக அந்தக் கருகல் வாசனை உள்ளே வந்தது. சக்கரத்தில் பிரேக் கட்டை உரசுகிற வாசனை. வந்ததோ இல்லையோ, என் மனதுக்குள் தானாகச் சரணம் எழுந்தது. அதே குழைவு! அதே உருக்கம்!

"சுமதி!" என்று கத்தினேன். பாலு அண்ணன் கையிலிருந்த சீட்டு சிதறியது. "இதாண்டி நம்ம சரணம்! உருக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரேக்குடி! டிரைவர் பிரேக் புடிக்கிறாரு, நாம உருகறோம்!"

அவள் ஒரு கணம் என்னை விழித்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், நின்ற இடத்திலேயே மடிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. பக்குவமாவது ஒன்றாவது! இத்தனை காலம் எங்களுக்குப் பாடம் எடுத்தது எஞ்சின் டிரைவர்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? பாட்டை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியாதென்று ஒரே நாளில் புரிந்துபோனது. பாட்டில் பிடித்துக்கொள்ள ஆயிரம் இருக்கின்றன. சொல் இருக்கிறது, ராகம் இருக்கிறது, அழகாக ஒரு சுழிப்பு இருக்கிறது. அவற்றின் பின்னால் எத்தனை தப்பையும் ஒளித்துவிடலாம். ஆகவே ஆரம்பத்துக்குத் திரும்பினோம். மிருதங்கத்தில் முதன்முதலாகக் கை வைத்த அன்று சொல்லிக்கொடுத்த பாடம் அது. த தீ தொம் நம். நாலே நாலு சொல். சுமதிக்கு அவளுடைய முதல் பாடம், ச ரி க ம. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. பாலத்தில் தொடங்கி, ரயில் பிரேக் பிடித்து நிற்கும் வரை, எடுத்த வேகத்திலேயே போக வேண்டும். இழுத்தவள் மற்றவளுக்கு மெதுவடை வாங்கித்தர வேண்டும்.

நாலு சொல்தானே என்று நினைக்காதீர்கள். வேகமாகத் தட்டும்போது தப்பித்துவிடலாம். மெதுவாகத் தட்டும்போதுதான் ஆபத்து. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதல்லவா, அதற்குள் ரயில் புகுந்துகொள்ளும். உடம்பு முன்னால் சாயும், சக்கரம் சோம்பலாகும், கூடவே விரலும் சோம்பும். முதல் வாரம் முழுக்க மெதுவடையாகவே தின்றோம். பல் நறநறக்கக் கோபம் வரும் எனக்கு. வீட்டில் சாதம் கிளறும்போதும் த தீ தொம் நம், கடையில் பில் கிழிக்கும்போதும் த தீ தொம் நம். முதலாளி ஒருமுறை, "என்னம்மா, வாய்க்குள்ளயே யாரைத் திட்டறே?" என்று கேட்டுவிட்டார்.

இதற்குள் சீட்டாட்டக் கோஷ்டிக்கு எங்கள் கதை தெரிந்துபோய், அவர்கள் சீட்டை மடக்கிவிட்டு நடுவர்களாகிவிட்டார்கள். பாலு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே வருவார். பாலம் முடிந்து நாலு தட்டு போவதற்குள், "இழுத்துட்டாங்க!" என்று கூவுவார். மற்றவர்கள், "ஆமா, இழுத்தாச்சு!" என்று பின்பாட்டு. எங்கள் மானம் தினமும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் போகும்.

அப்புறம் ஒருநாள் நடந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். பிரேக் பிடிப்பது தெரிகிறது, வாசனை வருகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, ஆனால் விரல் மட்டும் தன் பாட்டுக்குப் போகிறது! என் தோளில் சுமதியின் கை. அதுவும் அசையாமல் போகிறது. ரயில் வேறு யாருடைய ரயிலோ போலிருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவள் ச ரி க ம-வை விட்டுவிட்டுச் சரணத்தைப் பிடித்தாள். ரயில் மெதுவாகி, மெதுவாகி, குலுங்கி நின்றது. நாங்கள் நிற்கவில்லை. பாலத்தின் சத்தம் போய்விட்டது என்பதையே மறந்து, அமைதியான கம்பார்ட்மெண்டில், சுமதி முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருக்கிறாள்! பிளாட்பாரத்தில் இறங்கியவர்கள் ஜன்னலுக்குத் திரும்பி வந்து நின்றார்கள். பூக்கூடையோடு ஏற வந்த அம்மாள் படியிலேயே நின்றுவிட்டார். சரணம் முடிந்தபிறகுதான் அவளுக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலு அண்ணன் கண்ணைத் திறந்தார். "இழுக்கல" என்றார், ஏதோ கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாக.

நவராத்திரி வந்தது. கச்சேரி சாயங்காலம். கோயில் பந்தலில் கொலு, சுண்டல் வாசனை, முன்வரிசையில் மாமிகள். மோகனத்தில் பல்லவி, அனுபல்லவி ஆயிற்று. சரணம் எடுத்தாள். எடுத்த நேரம் பாருங்கள், யாரோ ஒரு தலைவருக்குப் பிறந்தநாளாம், டிரம் செட்டோடு ஓர் ஊர்வலம் பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பி நேராகக் கோயிலைப் பார்த்து வந்தது. அவர்கள் அடிக்கிற அடி எங்களைவிடப் படுவேகம். ரயில் எங்களைப் பின்னால் இழுத்துப் பழக்கியிருந்தது. இதுவோ பிடரியில் கைவைத்து முன்னால் தள்ளுகிறது! பந்தலே அதிர்ந்தது. முரளியின் வில் ஒரு கணம் தடுமாறி ஊர்வலத்தோடு ஓடப் பார்த்தது. சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கை அவள் தொடையில்தான் தாளம் போட்டது. எனக்கோ என் இடது தோளில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. த தீ தொம் நம். அவ்வளவுதான். வேறு எந்த வித்தையும் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. இருக்கிற இடத்திலேயே இருந்தோம். முரளி சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்து சேர்ந்துகொண்டார். டிரம் செட் எங்களைத் தாண்டி, தேய்ந்து, ஓய்ந்தது. சரணம் வந்த வேகத்திலேயே வந்து முடிந்தது.

முடிந்த அந்த நொடி, கைதட்டலுக்கு முன்னால், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "இழுக்கல!"

துண்டும் தோளுமாகச் சீட்டாட்டக் கோஷ்டி முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. ரங்கமணி மாமி திடுக்கிட்டுத் திரும்பி, "யாரது? என்ன சொல்றார்?" என்றார். சுமதிக்குச் சிரிப்பில் அடுத்த பாட்டின் சுருதி சேர வெகு நேரமாயிற்று. இறங்கும்போது மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "க்ஷேமமா இருங்கோ. அடுத்த வருஷமும் நீங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

அடுத்த வருஷமும் பாடினாள். அதற்கப்புறம் பல மேடைகள் சேர்ந்து ஏறினோம். பிறகு அவள் கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டாள். நான் இங்கே பல பேருக்கு வாசிக்கிறேன். எல்லோரும் நன்றாகப் பாடுகிறார்கள். யாரும் என் தோளில் தாளம் போட்டதில்லை.

ஆட்டோவில் அந்த வாசனை வந்த பிறகு மனம் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்று வீறிட்டழுத குழந்தை இன்று காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்குகிறது. இப்போது என் மிருதங்கம் என்ன, செண்டை மேளமே வைத்தாலும் எழாது. திரும்பும்போது பிடிவாதமாக ரயில் ஏறினேன். மின்சார ரயில். தண்டவாளத்தை ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாகப் பற்றவைத்துவிட்டார்களாம், அந்தத் தடக் தடக் இல்லை. சீட்டாட்டமும் இல்லை. பாலு அண்ணன் பைக்கில் போகிறார் என்று கேள்வி. பாலம் வரப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"பாலம் வருதுடி. பாடு."

"லூசு. அடுப்புல குக்கர் வச்சிருக்கேன்."

"பாடுடி!"

பாடினாள். பாலம் வந்தது. ஒரு சின்ன முனகலோடு ரயில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒளிந்துகொள்ள அங்கே சத்தமே இல்லை. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கைப்பையில் தட்டினேன். போனில் அவள் குரல் சற்றுத் தாமதித்து வந்தது. என் தட்டு அங்கே போய்ச் சேர்ந்து, அவள் பாட்டு இங்கே வந்து சேர்வதற்குள் என் விரல் அடுத்த தட்டுக்குப் போய்விடுகிறது. அனுபல்லவி முடிந்தது. சரணம் எடுத்தாள். ரயில் வேகம் குறைந்தது. கருகல் வாசனைகூட வரவில்லை. என் கை எடுத்த வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவள் பின்தங்கிக்கொண்டே இருந்தாள்.

ஸ்ரீரங்கம் பிளாட்பாரம் தெரிந்தபோது நான் விரலின் வேகத்தைத் தாழ்த்தினேன். இன்னும் தாழ்த்தினேன்.

"ஏய்" என்றாள் சுமதி, பாட்டை நிறுத்திவிட்டு. "இழுக்கறடி."

"தெரியும்" என்றேன். "நீ வா."